மூன்று பூட்டுக் குடியரசு

நான் ஓர் ஆட்சியைக் கவிழ்த்தவன். பெரிய ஆட்சி இல்லை. ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம், நான்கு கேரம் போர்டு, இரண்டு டியூப்லைட் (ஒன்றுதான் எரியும்). ஆனாலும் ஆட்சி ஆட்சிதான். அதைக் கவிழ்த்த பெருமையில் கொஞ்ச காலம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அதற்கு விலை கொடுத்தது நானில்லை, என் தங்கை ரேவதி.

கிளப்பை நடத்தியவர் தாஸ் நைனா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷட்டரைத் தூக்குவது, போர்டைத் துடைப்பது, கரண்ட் பில் கட்டுவது, யார் எந்தப் போர்டில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அவரே. எதிர்த்துப் பேசினால் "வூட்டுக்குப் போ" என்பார். மேல்முறையீடு கிடையாது.

அப்போது நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். படித்தது கொஞ்சம், பேசியது அதைவிட இரண்டு மடங்கு. பிரெஞ்சு மன்னரின் தலை போனது ஏன், ரஷ்யாவில் ஜார் விழுந்தது எப்படி என்று டீக்கடையில் அகப்பட்டவர்களிடமெல்லாம் விளக்குவேன். (என்னைப் பார்த்ததும் டீ மாஸ்டர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்.) எனக்குக் குறையாக இருந்தது ஒன்றுதான். கவிழ்ப்பதற்கு ஒரு கொடுங்கோலன் வேண்டும்.

பல நாடுகளில் ரொட்டி விலை ஏறித்தான் புரட்சி வெடித்தது. என் விஷயத்தில் அது பாக்கெட்டின் வாயிலேயே நின்றிருந்த ஒரு வெள்ளைக் காய். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். நான் கண்ணைத் திறந்துகொண்டு அடித்தேன், விழவில்லை. மொத்த கிளப்பும் பார்த்துக்கொண்டிருக்க, தாஸ் நைனா என் தோளைத் தட்டினார்.

"எந்திரிடா. பாப்பா ஆடட்டும். நீ ஆடி இன்னா ஆவப்போவுது?"

பாப்பா என்றது ரேவதியை. நல்ல போர்டு தினமும் முதலில் அவளுக்குத்தான். ஜூனியர் பிரிவில் மாநில அணிக்குப் போகும் அளவுக்கு ஆடுவாள். அந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைவரைக்கும் போகலாம் என்று நைனா எங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது எதேச்சதிகாரம் மட்டும்தான்.

ஆள் சேர்த்தேன், பொதுக்குழுவைக் கூட்டினேன், மூச்சு வாங்கப் பேசினேன். வாக்கெடுப்பில் நைனா தோற்றார். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, பதிலுரையெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். அவரோ இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்துப் போர்டின் நடுவில் வைத்தார்.

"நல்லா பாத்துக்கோங்கடா. ஷட்டரு கொஞ்சம் பேஜாரு பண்ணும். எடது பக்கம் ஒரு தட்டு தட்டணும்."

கைதட்டலில் அவர் சொன்னது அமுங்கிப்போனது.

அதிகாரம் ஒரே கையில் இருக்கக் கூடாது, மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துப் பல நாடுகள் அரசியல் சட்டம் எழுதின. நான் அதைப் படித்து ஷட்டருக்குப் பூட்டு வாங்கினேன். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. சட்டமன்றத்தின் சாவி டில்லியிடம், அவன் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. நிர்வாகத்தின் சாவி பாஸ்கரிடம், அவன் மணலியில் ஒரு ரசாயன ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். நீதித்துறை அடியேன். மூவரும் வந்தால்தான் கிளப் திறக்கும். சாவியை அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி எழுதினேன். (சர்வாதிகாரி எந்த வழியாக வேண்டுமானாலும் நுழைவான் அல்லவா?)

அதன் பிறகு கிளப் திறந்திருந்த நாட்களைவிட மூடியிருந்த நாட்களே அதிகம். புதிய குடியரசுகளில் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று கேட்டவர்களைச் சமாளித்தேன். ரேவதி வீட்டுத் தரையில் பவுடரைத் தூவிப் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

மாநில அணிக்கான தேர்வுப் போட்டி எங்கள் கிளப்பில்தான் நடப்பதாக இருந்தது. பத்து மணிக்குள் போர்டு தயாராக இல்லையென்றால், போட்டி நடத்தும் கிளப்பின் ஆட்டக்காரர் தோற்றதாகக் கணக்கு. முந்தின நாளே கரை திரும்ப வேண்டிய டில்லியின் படகு திரும்பவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வர வேண்டிய பாஸ்கரும் வரவில்லை. மாற்று ஆள் வராததால் அவனை அடுத்த ஷிப்ட்டுக்கும் நிறுத்திக்கொண்டார்களாம். ஆலை வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் கூப்பிடவும் முடியாது.

பக்கத்து வீட்டு பைக்கை இரவல் வாங்கி, வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து மணலி போய்ச் சேர்ந்தேன். ஆலை வாசலில் செக்யூரிட்டிக்காரரிடம் அழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சார், ஒரே ஒரு சாவி சார். என் தங்கச்சி வாழ்க்கையே அதுலதான் கீது."

அவருக்கு மனம் இளகியது. "சரி, ஆள வுட்டுக் கேக்கறேன். அந்தச் சாவி வந்தா தொறந்துருமா?"

"தொறக்காது சார். இன்னொரு சாவி கடல்ல கீது."

ஆளைக் கூப்பிடத் தூக்கிய கையை அவர் இறக்கினார். "அப்ப எதுக்குப்பா இவ்ளோ தூரம் வந்தே?"

நியாயமான கேள்வி. வழி நெடுக லாரிப் புகையைத் தின்றுகொண்டு வந்தவனுக்கு அது தோன்றவே இல்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது பத்தாகச் சில நிமிடங்கள் இருந்தன. கிளப் வாசலில் நடுவர், புளியந்தோப்பிலிருந்து வந்திருந்த எதிராளிப் பெண், அவளுடைய அப்பா, வேடிக்கை பார்க்கத் தெருவே. ஷட்டர் முன்னால் தாஸ் நைனா. கையில் கடப்பாறை. ஒரு பக்கப் பூட்டைத் தெறிக்கவிட்டிருந்தார். இரண்டாவதில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். மூன்றாவதன் சாவி என் பையில் இருந்தது. ரேவதி ஸ்ட்ரைக்கரைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

இந்த இடத்தில் சுமாரான அறிவுள்ள எவனும் ஓடிப்போய்த் தன் பூட்டைத் திறந்திருப்பான். நான் பைக்கிலிருந்து இறங்குவதற்கு முன்பே கத்தினேன்.

"நிறுத்துங்க நைனா! இது எதேச்சதிகாரம்! கமிட்டி கூடாம பூட்டை உடைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை!"

நைனா நிமிர்ந்து ரேவதியைப் பார்த்தார். "இன்னா சொல்றான் உங்கண்ணன்?"

"ஒடைக்கக் கூடாதாம்" என்றாள் அவள்.

அவர் கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டார். பதவியில் இருந்தவரை யார் பேச்சையும் கேட்காத மனிதர், அன்றைக்குப் பார்த்து என் பேச்சைக் கேட்டார். நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்து, கடப்பாறையை நானே எடுக்கக் குனிந்தபோது நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆயிடுச்சு தம்பி, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று தணிந்த குரலில் சொன்னார். ஜெயித்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ரேவதி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வுடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அடுத்த வருஷம் எனக்கு வயசு ஆயிரும்ணா."

மறுநாள் நைனா வந்து மற்ற பூட்டுகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பூட்டையே மாட்டினார். ஒரே பூட்டு, ஒரே சாவி. யாரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "போடா, போய் பாப்பாகிட்ட கேளு" என்றார். அவளிடம் பல முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "சரி வுடுண்ணா" என்பாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. அன்று ஆடாமலே ஜெயித்த பெண் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனாள். ரேவதி ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் பீரோ சாவியிலிருந்து ஸ்கூட்டர் சாவிவரை எதையும் என் கையில் தருவதில்லை. கல்யாண வீடுகளில் புது ஆட்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவதே இந்தக் கதையைச் சொல்லித்தான்.

போன வாரம் திருவொற்றியூரில் ரேவதி வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கும் அவள் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்த மாமன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவள் அடுப்படியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ம்மா, அதிகாரப் பிரிவினைன்னா இன்னாம்மா?"

"ஒரு ஷட்டருக்கு மூணு பூட்டு போடுறது. ஒரு சாவி கடல்ல, ஒரு சாவி கம்பெனில, ஒரு சாவி தோ உங்க மாமாகிட்ட."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? பேனாவைக் கடித்தபடி அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப மக்கள் எங்கம்மா இருப்பாங்க?"

ரேவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்னியைத் தாளித்துக்கொண்டே சொன்னாள்.

"வெளிய நின்னுகினு இருந்தேன்."