மூன்று கடைகளில் என் சம்பளம்

பொம்மசந்திரா, 12 அக்டோபர் 2025, ஞாயிறு, மாலை 4.10. கையிருப்பு ரூபாய் 340.

மதிப்பிற்குரிய சீனு மாமாவுக்கு, ஹரிஷ்குமார் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் சொர்ணம் அத்தையும் நலமாக இருப்பீர்கள், இதைப் படித்து முடிக்கும் வரையாவது. போனில் சொல்லியிருப்பேன்; ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது, ரொக்கம் வாங்கிக்கொண்டு ரீசார்ஜ் போடும் கடை ஞாயிறு திறப்பதில்லை. அறைத்தோழன் ரகுவின் போனில் கூப்பிட்டால் நீங்கள் தெரியாத நம்பரை எடுப்பதில்லை. அவன் ஐந்து மணி பஸ்ஸில் திருப்பத்தூர் வருகிறான், பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். நாளைக் காலை நீங்கள் தாம்பூலத் தட்டோடு பெண் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் இது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். கிளம்பாதீர்கள்.

என் பேங்க் கணக்கு முடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். பழைய பைக்கை விற்றேன், வாங்கினவன் அனுப்பிய பணம் யாரையோ ஏமாற்றிச் சேர்த்ததாம், எங்கோ வடக்கே புகார், அந்தப் பணம் தொட்ட கணக்கையெல்லாம் போலீஸ் சொல்லி நிறுத்திவிட்டார்கள், பைக்கும் போச்சு, பணமும் போச்சு. ‘பொண்ணு வீட்டில் இப்போது சொல்லாதே’ என்றது யார்? நீங்கள். சரி. கம்பெனி முதலாளி இரக்கப்பட்டுச் சம்பளத்தை ரொக்கமாகத் தருகிறார். என் அறையில் நாலு பேர், பூட்டு ஒன்று, சாவி ஆறு. மெஷின் டிசைன் செய்கிறவன் மொத்த பாரத்தையும் ஒரே போல்ட்டில் ஏற்ற மாட்டான். ஆகவே மூன்றாகப் பிரித்து மெஸ் ஜானகி அக்கா, இஸ்திரி முனிராஜ், மெடிக்கல் ஷாப் நோயல் மூவரிடமும் கொடுத்து வைத்தேன். டிசைனில் தப்பில்லை. பாகங்கள்தான் மனிதர்களாகப் போய்விட்டார்கள். நோயல் சில்லறைக்குப் பதில் இருமல் மிட்டாய் தருகிறான். முனிராஜ் என் பணத்தை எடுத்து மச்சானுக்குக் கைமாற்று கொடுத்துவிட்டான். ஜானகி அக்காவிடம் பணம் எடுக்கக் காரணம் சொல்ல வேண்டும். “சட்டையா? போன மாசம்தான ஒண்ணு எடுத்த, அது என்னாச்சு?” என்பார். பதில் பிடிக்காவிட்டால் பணம் வராது.

நேற்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் அப்பா கோவிந்தன் சார் வந்து நின்றார். அவர் ரிட்டயரான பேங்க் மேனேஜர் என்பதை நீங்கள் நினைவுபடுத்த வேண்டாம். “கிருத்திகாவைப் பாக்க எலக்ட்ரானிக் சிட்டி வந்தேன் தம்பி, அப்படியே நீங்க இருக்கற இடத்தையும் பாத்துட்டுப் போலாம்னு” என்றார். மெஸ்ஸுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். வழியில் முனிராஜ் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து, “சார், பேஜார் பண்ணிக்காதீங்க, மச்சான் வேலைக்குப் போயிட்டான், புதன்கிழமை உங்க காசு கைல வெச்சிடறேன்” என்று கும்பிட்டான். அந்தக் கும்பிடுதான் வினை. அடுத்த கடையில் நோயல் கல்லாவில் உட்கார்ந்தபடியே, “ஹரிஷ், உன் பணம் எடுத்து வெச்சிருக்கேன், வாங்கிக்க. தினம் வந்து வாசல்ல நிக்காத” என்றான். மெஸ்ஸில் இலை போட்டதும், அவரை ஆட்டோவில் அனுப்ப ஐநூறு ரூபாய் வேண்டுமே என்று ஜானகி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கு மெதுவாகப் பேச வராது. “இப்படி உருவிக்கிட்டே இருந்தா மாசக் கடைசில சோத்துக்கு என்ன பண்றது?”

கோவிந்தன் சார் சாம்பாரை வேண்டாமென்று கைகாட்டினார். “தம்பி, எத்தனை வட்டிக்கு விடறீங்க?”

மாமா, வட்டிக்காரன் என்றால் குணம் போச்சு. இல்லையென்றால் போலீஸ் கதையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, சொன்னேன். “கேஸா?” என்றார். “என் மேல இல்ல சார், அந்தப் பணத்து மேல.” “என் சர்வீஸ்ல எல்லாரும் இதையேதான் சொன்னாங்க” என்று எழுந்து கை கழுவினார். பஸ் ஸ்டாப் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

கிருத்திகாவிடம் இரண்டு முறைதான் பேசியிருக்கிறேன். லேத் மெஷினைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். கொட்டாவி விடாமல் நடுவில் கேள்வி கேட்டாள். அவளைத் தவிர வேறு யாரையும் எனக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் அவர்கள் வாயால் ‘வேண்டாம்’ என்று கேட்க என்னால் ஆகாது. நாமே நிறுத்திவிடலாம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், ஆலோசனை மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஹரிஷ்குமார்

பி.கு. வழிக்குப் பார்சல் வாங்க ஓடிய ரகு, ஜானகி அக்காவையே அழைத்து வந்துவிட்டான். கோவிந்தன் சார் நேற்று பஸ் ஏறவில்லையாம். என் தலை மறைந்ததும் திரும்பி வந்து, முனிராஜையும் நோயலையும் அக்காவையும் தனித்தனியாக விசாரித்திருக்கிறார். பிறகு உட்கார்ந்து ரசம் கேட்டுச் சாப்பிட்டிருக்கிறார். போகும்போது ஆயிரம் ரூபாயை அக்காவிடம் கொடுத்து, “என் பொண்ணு வாரத்துல ரெண்டு நாள் சாப்பிட வருவாம்மா, இதுல கழிச்சுக்குங்க. அந்தத் தம்பி கேட்டா மட்டும் குடுத்துடாதீங்க” என்றாராம்.

“நேத்தே ஏன்க்கா சொல்லல?”

“நீதான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ராத்திரி சாப்பிடவே வரலியே.”

இனி செய்யப்போவது:

1. ரகுவை இந்தக் கடிதத்தோடே பஸ் ஏற்றுவேன். வேறு எழுத நேரமில்லை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு தட்டை எடுங்கள்.

2. நாளை ரீசார்ஜ் கடை திறந்ததும் கோவிந்தன் சாருக்குப் போன் செய்து, புகார்க் காகிதங்களை எல்லாம் காட்ட எப்போது வரலாம் என்று கேட்பேன்.

3. கிருத்திகா எந்த இரண்டு நாள் வருவாள் என்று அக்கா சொல்ல மாட்டேன் என்கிறார். “அது அவங்க கணக்கு, உனக்கெதுக்கு?” ஆகவே ஏழு நாளும், மூன்று வேளையும், மெஸ்ஸிலேயே சாப்பிடுவேன்.