ஜன்னலோரத்து நஞ்சு

வெயிலின் கதை முடிந்தது என்று ஊரே பேசிக்கொண்டது. வெயிலிடம்தான் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடி ஹாலில் நிற்க இடம் இருக்காது. படிக்கட்டு முழுக்கச் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எலுமிச்சைத் தோலைக் கசக்கி மூக்கில் திணித்தது போல ஒரு வாசனை தெருமுனை வரை வந்து ஆள் பிடிக்கும். மேடையில் வாசனை மேடம் நிற்பார். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம். கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றாதது அது ஒன்று மட்டும் அல்ல.

"சூரியனை எதிரியா நினைக்காதீங்க," என்பார் மேடம், கண்ணை மூடிக்கொண்டு. மைக்கைப் பிடித்தால் அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். "நமக்கு அவன்கிட்டப் பேசத் தெரியல. நம்ம கதிர்க்கவசம் அவன் பாஷையிலயே பேசும்."

கூட்டம் உருகும். சூரியன் என்ன பாஷை பேசும் என்று கேட்க ஒரு வாய் திறக்காது.

கதிர்க்கவசம் என்பது விரல் நீளக் குப்பியில் அடைத்த எசென்ஷியல் ஆயில். ஏழு செடிகளின் உயிர்ச்சாறு. முகப்பரு, தழும்பு, சுருக்கம் எல்லாம் ஓடிப்போகும். முக்கியமாக, அதைப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றாலும் தோல் கறுக்காது, சிவக்காது, எரியாது. முன்வரிசையில் உட்காரும் பென்ஷன் சார் ஒருமுறை, "மூட்டு வலிக்குக் கேட்குமா?" என்றார். "உள்ளங்கால்ல பூசுங்க," என்றார் மேடம். பூசினார். மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். மூட்டு வலி மறந்து இடுப்பு வலி வந்தது. குணம் தெரிகிறது என்று அடுத்த வாரம் எழுந்து நின்று சாட்சி சொன்னார்.

வாங்குகிறவர்கள் 'தளிர்'. நாலு பேரை வாங்க வைத்தால் 'மொட்டு'. மொட்டுகளைச் சேர்த்துவிட்டால் 'மலர்'. ஹாலில் நரைத்த தளிர்களும் வழுக்கைத் தலை மொட்டுகளும் ஏராளம்.

அந்த மொட்டுகளில் ஒருத்தி, கீழே டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பிரேக் அக்கா.

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்தே அக்காவுக்கு அந்தப் பெயர். யாரையும் நம்பக் கூடாது என்பதுதான் அவள் தொழில். "கண்ணாடியைப் பார்த்தேங்கா," என்பான் கற்றுக்கொள்கிறவன். "உன் கழுத்து திரும்பலையே தம்பி," என்பாள் அக்கா. ஒருவன் ஒரு தெருவை அழகாக ஓட்டிக் காட்டினால் பாராட்ட மாட்டாள். "இப்ப அந்தப் பக்கத்துல இருந்து வா," என்பாள். மனப்பாடம் செய்து ஓட்டியவன் அங்கே மரத்தைத் தேடிப் போய் நிற்பான்.

இப்படிப்பட்டவள் மாடிப்படி ஏறியதும் மூளையைச் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே போனாள். பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம், "செருப்பையாவது திரும்பி வரும்போது ஞாபகமா மாட்டிக்கிட்டேன்," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவள் ஏறியதற்குக் காரணம் இருந்தது. அவள் மகளுக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் வெளியே நின்றால் கழுத்தும் கன்னமும் தடித்துச் சிவந்துவிடும். தோல் டாக்டர் கிரீம் எழுதிக் கொடுத்திருந்தார். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம் என்றிருந்தார். அந்தப் பெண்ணுக்கோ ஓட்டப் பந்தயம் என்றால் உயிர். மற்றப் பிள்ளைகள் கையில்லாத பனியனில் பறக்கும்போது இவள் மட்டும் போர்வைக்குள் ஓடுவது போல ஓடுவாள். "போர்வை வருது, வழி விடுங்க," என்று கூட ஓடுகிறவர்கள் கத்துவார்கள்.

பிள்ளை மற்றவர்களைப் போல ஒருநாள் ஓடட்டும் என்ற ஆசையை ஒரு குப்பியில் ஊற்றி விற்றால் எந்தத் தாய்தான் மூடியைத் திறந்து பார்ப்பாள்?

மாதக் கடைசிச் சனிக்கிழமை பந்தயம். பகல் முழுக்க வெட்ட வெளி. கிரீமும் கவசமும் ஒத்துப்போகாது, கிரீம் தோலின் துளையை அடைத்துவிடும் என்று மேடம் சொன்னதால், அக்கா டாக்டர் கொடுத்த டியூபைக் குப்பையில் போட்டிருந்தாள். "கையில்லாத பனியனே போட்டுக்க," என்று மகளிடம் சொல்லியும்விட்டாள்.

மகள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நீ சொன்னாச் சரிம்மா. நீதான் யாரையும் லேசுல நம்ப மாட்டியே," என்றாள்.

முதலில் தன் மேல் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு அக்காவுக்குப் புத்தி மிச்சம் இருந்தது. தினமும் காலையில் இரண்டு கையிலும் கவசம் பூசிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஒரு வாரத்துக்குள் இடது கை முழங்கை வரை சிவந்து, வெந்து, சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பியது. மேடத்திடம் காட்டினாள்.

"அருமை," என்றார் மேடம். "உள்ள இருந்த நஞ்சு வெளிய வருது."

தனக்குள் இவ்வளவு நஞ்சு இருந்ததா என்று அக்காவுக்கு வருத்தம். வெளியேறுகிறதே என்று ஆறுதல். இரண்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனால், சமையலறையில் நாத்தனார் நின்றாள்.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். காலையிலிருந்து ஒரே காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்தவள். வீட்டுக்கு வந்தால் புதிதாக ஏதாவது சொல்லித்தான் தீருவாள்.

"என்ன அண்ணி, கையை அடுப்புல விட்டீங்களா?"

"நஞ்சு இறங்குது."

"யாரு சொன்னா?"

"மேடம்."

நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையையும் இழுத்துப் பார்த்தாள். அது வழுவழுவென்று இருந்தது.

"எண்ணெய் ரெண்டு கையிலயும்தானே பூசுறீங்க?"

"ஆமா."

"அப்ப நஞ்சு ஒரு கையில மட்டும்தான் இருந்துச்சா?"

அக்கா இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்தக் கைதானே வண்டியில ஜன்னல் பக்கம் வெயில்ல கிடக்கும்? நல்ல நஞ்சு அண்ணி. காத்தாட ஜன்னல் சீட்டு பிடிச்சு உட்கார்ந்திருக்கு."

"உனக்கு எல்லாமே கிண்டல்."

"எனக்கென்ன, உங்க கை. ஆனா பந்தயத்தன்னைக்குப் பிள்ளைக்கு உடம்பு முழுக்க ஜன்னல் சீட்டு. அதை மட்டும் யோசிச்சுக்குங்க."

நாத்தனார் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று அக்காவின் மனது அடித்துக்கொண்டது. நாத்தனார் சொல்வது தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்புவது புதிதல்ல. ஆனால் இந்த முறை விரும்பியது மகளுக்காக.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு ஹாலுக்குப் போனபோது, சந்தேகத்தைக் கேட்கப் போகிறோம் என்றுதான் அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில், கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்கப் போனாள்.

அன்றைக்குப் பார்த்து அவளை மலராக்கிவிட்டார்கள். மலரானவர் மேடையேறி மணிப் பரீட்சையைத் தன் கையால் செய்து காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

மணிப் பரீட்சைதான் மேடத்தின் பிரம்மாஸ்திரம். மேசையில் இரண்டு கண்ணாடிக் கிண்ணம். இரண்டிலும் வெள்ளை மணிகள். மனிதத் தோலின் குணத்தில் செய்த மணிகள் என்பார் மேடம். வலது கிண்ணத்தில் கவசத்தை ஊற்றிக் கலக்குவார்கள். இடதில் ஒன்றும் ஊற்ற மாட்டார்கள். இரண்டையும் மொட்டை மாடி வெயிலுக்குக் கொண்டுபோனால் இடது கிண்ணத்து மணிகள் கண்ணெதிரே ஊதாவாக மாறும். வலது கிண்ணத்து மணிகள் பால் போல வெள்ளையாகவே இருக்கும். "இது உங்க தோல். இது நம்ம கவசம் போட்ட தோல்," என்பார் மேடம். கைத்தட்டலில் புறாக்கள் பறக்கும்.

மேடம் மைக்கைப் பிடித்தார். கண் மூடிக்கொண்டது.

அக்கா குப்பியைத் திறந்தாள். கை வலது கிண்ணத்துக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. வாராவாரம் வலது. ஒரே தெரு, ஒரே பக்கம். கவசம் நிஜமாக ஓட்டத் தெரிந்த ஆள் என்றால் அந்தப் பக்கத்திலிருந்தும் வரும்தானே? வந்துவிட்டால் நாத்தனார் வாயை அடைக்கலாம். மகள் பனியனோடு பறக்கலாம். ஜெயித்துவிடு என்று குப்பியிடம் கெஞ்சிக்கொண்டே இடது கிண்ணத்தில் ஊற்றினாள். வலது கிண்ணத்தைத் தொடவே இல்லை.

கிண்ணங்கள் வெயிலுக்குப் போயின. கூட்டமும் பின்னாலேயே போனது.

இடது கிண்ணம் ஊதாவானது. வலது கிண்ணம் வெள்ளையாக இருந்தது.

கூட்டம் கை தட்டியது. பென்ஷன் சார் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். ஒரு கிண்ணம் ஊதா, ஒரு கிண்ணம் வெள்ளை, போன வாரம் போலவே. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அக்காவுக்குக் கால் வலித்தது. பார்த்தால், தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தட்டாதீங்க," என்றாள். கைத்தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "தட்டாதீங்கங்க. நான் எண்ணெய் ஊத்தினது ஊதாக் கிண்ணத்துல."

"வெள்ளையிலதானே ஊத்துவாங்க?" என்றார் பென்ஷன் சார்.

"நான் மாத்தி ஊத்தினேன் சார். மோந்து பாருங்க."

கிண்ணம் கைமாறிப் போனது. ஒவ்வொரு மூக்காக உள்ளே போய் வந்தது. ஊதா மணிகள் எலுமிச்சைத் தோலாக மணத்தன. வெள்ளை மணிகளில் வாசனையே இல்லை.

படிக்கட்டு நிழலில் மைக்கோடு நின்ற மேடம் கண்ணைத் திறந்தார். மைக்கைப் பிடித்தபடி அவர் முதன்முதலாகக் கண்ணைத் திறந்தது அப்போதுதான்.

"நீங்க சந்தேகத்தோட ஊத்தியிருக்கீங்கம்மா. சந்தேகக் கை பட்டாக் கவசம் செத்துடும்."

"அதானே," என்றது கூட்டம். பெரிய பாரம் இறங்கியது போல.

"சரிங்க மேடம். என் கை கெட்ட கைதான், பாருங்க, கொப்புளமாவே கிடக்கு. ஆனா அந்த வெள்ளைக் கிண்ணத்துல யாருமே எதுவும் ஊத்தலையே. அது ஏன் நிறம் மாறல? அதை எந்த எண்ணெய் காப்பாத்துச்சு?"

மேடம் தண்ணீர் குடித்தார்.

"உங்க கையால இந்த ஊதா மணியைத் துடைச்சு, வாராவாரம் ஆகுற மாதிரி உள்ள வச்சு வெள்ளையாக்கி, திரும்ப எண்ணெய் ஊத்திக் காட்டுங்க. நீங்க நம்பிக்கையோடயே ஊத்துங்க."

"கவசத்தைச் சோதிக்கக் கூடாது."

"பின்ன இவ்வளவு நாள் நாம மொட்டை மாடியில செஞ்சது என்ன?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு இளம் தாய் மெதுவாகச் சொன்னாள், "என் பொண்ணு வளையல்ல இந்த ஊதா மணி இருக்குங்க. பொம்மைக் கடையில வாங்கினது. வெளிய போனா நிறம் மாறும், வீட்டுக்குள்ள வந்தா வெள்ளையாயிடும். நான் இது வேற மணின்னு நினைச்சேன்."

வலது கிண்ணத்தில் இருந்தது சாதாரணப் பிளாஸ்டிக் மணி. அதைப் பாலைவனத்தில் போட்டாலும் வெள்ளையாகவே கிடக்கும்.

மேடத்துக்கு அவசர வேலை வந்துவிட்டது. கிண்ணங்களைப் பைக்குள் போட்டார். முழங்கை வரை கையுறை மாட்டினார், அகலத் தொப்பி வைத்தார், கறுப்புக் குடையை விரித்தார், கதிர்க்கவசத்தின் தாய் வெயிலுக்குள் இறங்கிப் போனார். வாராவாரம் அப்படித்தான் வந்தார், அப்படித்தான் போனார். கூட்டம் வாசலில் நின்று வழியனுப்பியிருக்கிறது. ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டது. அக்கா ஒருமுறை அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு கார் வரைக்கும் கூடவே போயிருக்கிறாள்.

மறுநாள் தோல் டாக்டர் அக்காவின் கையைப் பார்த்தார். "எலுமிச்சை வகைத் தோல்ல எடுத்த எண்ணெயைப் பூசிக்கிட்டு வெயில்ல உட்கார்ந்தா இப்படி வேகலாம்மா. வாசனைக்கு வெயிலைத் தடுக்கத் தெரியாது," என்றார். மருந்து எழுதினார். மகளுக்கு மறுபடியும் அதே கிரீமை எழுதினார். பழைய டியூப் எங்கே என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றாள் அக்கா. குப்பைத் தொட்டிக்குப் பூசித் தீர்த்தேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் ஏமாந்துட்டேன்டி. உன்னையும் ஏமாத்தப் பார்த்தேன். முழுக்கைச் சட்டைதான் போடணும்."

மகள் பனியனை மடித்து அலமாரியில் வைத்தாள். "அப்ப அத்தை சொன்னது சரியா?"

"அத்தை சொல்றதெல்லாம் சரின்னு இல்ல. இது மட்டும் சரி."

"எனக்குக் காது கேட்குது அண்ணி," என்றாள் நாத்தனார், அடுத்த அறையிலிருந்து.

சனிக்கிழமை போர்வை ஓடியது. கிரீம் பூசி, தொப்பி கட்டி, கை முழுக்க மூடிக்கொண்டு மூன்றாவதாக வந்தது. கழுத்தில் ஒரு தடிப்பும் இல்லை.

அக்கா கட்டுப் போட்ட கையோடு, கூரை போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹாலில் தளிராக இருந்த ஒரு அம்மா நெருங்கி வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க செஞ்சதுல எனக்குக் கண்ணு திறந்துடுச்சு. இனிமே நீங்க சொல்றதைத்தான் கேட்கப் போறேன். நீங்க என்ன உபயோகிக்கிறீங்க?"

"மேடத்தை நம்பி ஏமாந்தவ நான். என்னை எதுக்குக் கேட்கறீங்க? டாக்டரைக் கேளுங்க. அப்புறம் யாரு என்ன சொன்னாலும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அந்த அம்மா மிகுந்த பக்தியோடு தலையாட்டினாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"யோசிக்கிறதுன்னா, அது எப்படிக்கா? வெறும் வயித்துலயா, சாப்பிட்ட பிறகா?"

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள், போன வாரம் வரை தானும் மேடம் சொன்னதைக் குறித்துக்கொள்ளப் பேனாவோடுதான் அலைந்தோம் என்று நினைத்து மூடிக்கொண்டாள்.

"எப்ப வேணும்னாலும் செய்யலாம்மா. பக்க விளைவு ஒண்ணும் கிடையாது. ஒரே ஒரு பத்தியம்தான், நமக்குப் பதிலா வேற ஆளைச் செய்யச் சொல்லக் கூடாது."