பிடரிமுத்து ராஜா இளைத்த கதை

ஒரு காட்டில், செல்ஃபி எடுக்க வந்தவர்கள் மிதித்தது போக மிச்சமிருந்த காட்டில், வெப்பாயி என்றொரு குழிவிரியன் பாம்பு இருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு குழிகள். இருட்டோ புழுதியோ, சூடு எங்கே இருந்தாலும் அந்தக் குழிகளுக்குத் தெரிந்துவிடும். மலையுச்சிப் பாறையில் சுருண்டு படுத்து நட்சத்திரம் பார்ப்பதுதான் அவளுக்கு அரசாங்க உத்தியோகம். அதைவிடப் பெரிய சுகம் அவளுக்கு உலகத்திலேயே கிடையாது.

அந்த வருடம் தெற்கு வானத்துச் சிவப்பு நட்சத்திரம் காணாமல் போனது. உடனே ஆந்தை அமிர்தகடேசன் சிங்கராஜா பிடரிமுத்துவிடம் ஓடினார். "நட்சத்திரம் செத்துப்போச்சு ராஜா. பாறை இனிமே சும்மாதானே கெடக்கும்? எனக்குக் குடுத்துடுங்க."

வெப்பாயிக்குச் சேதி எட்டியது. விழுந்தடித்துக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"அது சாகலை ராஜா! உள்ளே நல்லாக் கொதிச்சுக்கிட்டு இருக்கு. ரொம்பப் பெரிசு, வயசும் ஆயிடுச்சு. உடம்பை ஊதி ஊதி வெளியே தள்ளுது. தள்ளினதெல்லாம் புழுதியாகி அதையே மூடிடுச்சு. நாளுக்கு நாள் இளைக்குது."

பிடரிமுத்து ராஜா தன் தொந்தியைப் பார்த்தார். மான்கறியை நிறுத்துங்கள், தினமும் ஓடுங்கள் என்று கரடி வைத்தியர் நச்சரித்துக்கொண்டிருந்த தொந்தி அது.

"இளைக்குதா? ஓடாமலேயா?"

"அதுக்குக் காலே கிடையாது ராஜா."

அவ்வளவுதான். ராஜா மண்ணில் புரண்டு 'பூ' என்று ஊதினார். யானை ஊதியது, பன்றி ஊதியது, பிள்ளைத்தாச்சி முயல்கூட ஊதியது. காடெங்கும் ஒரே புழுதி. "எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களே அக்கா!" என்று காட்டெருமை ஒரு மூங்கிலைப் பார்த்து உருகியது. ஆந்தைக்கு வானம் இருக்கும் திசையே தெரியவில்லை.

வெப்பாயிக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. புழுதிக்குள்ளே தொந்திகள் தகதகவென்று ஜொலித்தன. மான்கறியை இன்னும் கூட்டியிருந்த ராஜாவின் தொந்தி ஒரு சுற்று பெருத்தே இருந்தது.

"வெப்பாயி, உன் குழிக்குத் தப்பாது. நான் இளைச்சிருக்கேனா?" என்றது புழுதி.

உண்மை தொண்டை வரை வந்தது. கூடவே பாறையின் இளஞ்சூடும் ஞாபகத்துக்கு வந்தது. உண்மையை முழுசாக விழுங்கினாள். பாம்புக்கு அது பழக்கம்தானே.

"எங்கே இருக்கீங்க ராஜா? கண்ணுக்கே தெரியலையே!"

ராஜா ஆனந்தக் கூத்தாடினார். புழுதி இன்னும் கிளம்பியது. பாறை பரம்பரைக்கும் வெப்பாயிக்கே என்று அங்கேயே உத்தரவானது. காட்டில் வானம் பார்க்க இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம்.

நீதி: உடம்பைக் குறைக்க முடியாதவர்கள் புழுதியைக் கூட்டிக்கொள்ளவும். நட்சத்திரங்களே அப்படித்தான் காலம் தள்ளுகின்றன.