பெரியப்பா இந்த வாரம் எந்த ஷிப்ட்?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரிட்டயர் ஆனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ரிட்டயர் ஆன பிறகும் ஷிப்ட் மாறிக்கொண்டிருப்பவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் பெரியப்பா. புதுவாயலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஷிப்ட்டுக்காரர் என்று விசாரித்தால் டீக்கடையில் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

ரோலிங் மில்லில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். ஒரு வாரம் ஃபர்ஸ்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். கம்பெனியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியப்பா மாலையையும் சால்வையையும் ஏற்றுக்கொண்டார், ரிட்டயர்மென்டைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் குளித்து, காக்கி பேண்ட் மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனார். கம்பெனி பஸ் ஏறுகிறவர்களோடு நின்று டீ குடித்தார், பஸ் போனதும் திரும்பி வந்தார். அடுத்த வாரம் செகண்ட். அதற்கடுத்த வாரம் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கினார். பெரியம்மா காலமான பிறகும் இந்த முறை மாறவில்லை.

என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது முகூர்த்த நேரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நைனா, அந்த வாரம் எனக்கு நைட்டாச்சே. காலீல தாலி கட்னா நா எப்டி வர்றது?" என்றார். அவருக்காக ஜோசியர் முகூர்த்தத்தை மாற்றுவாரா? பெரியப்பாதான் இறங்கி வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, நான் தாலி கட்டும் நேரத்தில் குறட்டை விட்டார். கல்யாண வீடியோவில் கெட்டிமேளத்தையும் மீறி அது தெளிவாகக் கேட்கிறது.

அப்பா அவருக்கு ஒரே தம்பி. திருவள்ளூரில் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர். தனியாக இருக்கும் அண்ணனுக்குத் தினமும் போன் செய்வதுதான் அவருடைய ஒரே கவலையும் ஒரே வேலையும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரமென்றால் மத்தியானம் கூப்பிட வேண்டும், செகண்ட் என்றால் காலை, நைட் என்றால் சாயந்திரம். மாற்றிக் கூப்பிட்டால் பெரியப்பா, தூங்குகிற மனுஷனை எழுப்புகிறாயே என்று திட்டிவிட்டு வைத்துவிடுவார். எடுத்தாலும் பேச்சு நீளாது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி. அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று எங்களிடம் அறிவித்துவிட்டு அப்பா டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தக் கணக்கு தவறிப்போனது. அந்த வாரம் செகண்ட் ஷிப்ட், அதனால் அப்பா காலையில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், அப்போதும் இல்லை. நான் காரை எடுத்தேன். பெரியபாளையம் வழியாகப் போகும்போது அப்பா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பக்கத்துப் போர்ஷனும் பூட்டிக் கிடந்தது. தட்டினோம், கத்தினோம். மில் சத்தத்தில் பெரியப்பாவின் காது பாதி போயிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. தெருமுனையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவரிடம் கடப்பாரை வாங்கித் தாழ்ப்பாளைப் பெயர்த்தோம்.

பெரியப்பா பாயில் எழுந்து உட்கார்ந்து எங்களையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வாரம் உனக்கு செகண்ட் தானண்ணா?" என்றார் அப்பா.

"நைட்டுக்கு மாத்திக்கினேன்."

"யார்கிட்ட மாத்திக்கின?"

"யார்கிட்ட மாத்தணும்? இங்க நாந்தான் சூப்பர்வைசரு."

பக்கத்துப் போர்ஷன் வெல்டருக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட்டாம். மனைவி நிறைமாதம். ராத்திரியில் அந்தப் பெண்ணுக்கு வலி கண்டால் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டுமென்று பெரியப்பா தன் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். அன்று விடியற்காலையில்தான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வெல்டர் வந்து சேர்ந்த பிறகு திரும்பி வந்து படுத்திருக்கிறார்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. இனி தனியாக இருக்கக் கூடாது, இப்போதே திருவள்ளூருக்குக் கிளம்பு என்றார். தம்பி அழுது பார்த்திராத பெரியப்பா மறுபேச்சு பேசாமல் பையை எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் ஷிப்ட் தொடர்ந்தது. அம்மா முகம் சுளிக்காமல் நேரம் மாற்றி மாற்றிச் சோறு போட்டாள். நாங்கள் எல்லாரும் தூங்கிய பிறகு அவர் ஹாலில் தனியாக உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஒரு சாயந்திரம் பையைக் கட்டி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் ஊட்ல ஒரு கொறையும் இல்ல. ஆனா நா முயிச்சிக்கினு இருக்கச்சொல்ல இங்க யாருமே இல்ல. அங்க எந்நேரம் போனாலும் டீக்கட தொறந்துக்கும். ஒருத்தன் வேலைக்குப் போவான், ஒருத்தன் வேல முடிஞ்சு வருவான். நானும் அவுங்கள்ல ஒருத்தனா நிப்பேன்."

"நீ செத்துக் கெடந்தா எனக்கு எப்டிண்ணா தெரியும்?"

பெரியப்பா கோபப்படவில்லை. "அதுக்குத்தான் தெனம் போன் பண்றியா? உசுரோட கீறனா இல்லியானு பாக்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் அத்தனை வருஷமாக அவரிடம் கேட்டதெல்லாம் அந்த ஒரு கேள்வியைத்தான், வேறு வேறு வார்த்தைகளில். மறுநாள் அப்பாவே அவரைப் புதுவாயலில் கொண்டுபோய் விட்டார். கூடவே நின்று கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட வைத்துவிட்டுத் திரும்பினார்.

அதன் பிறகு அப்பா வழக்கமான நேரங்களில் போன் செய்வதை நிறுத்திவிட்டார். கோபம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் நான் தனிக்குடித்தனம் போய்விட்டேன். போன வாரம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அப்பா வீட்டுக்குப் போனேன். வழக்கமாகப் பேப்பரோடு வாசலில் இருக்கும் அப்பா படுக்கையில் நல்ல தூக்கத்தில் இருந்தார். உடம்பு சரியில்லையா என்று பதறினேன். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மெதுவா பேசுடா. உங்க பெரியப்பாவுக்கு இந்த வாரம் நைட்டு. இவுரும் முயிச்சிக்கினு போன்ல உக்காந்துக்கிறாரு."

ராத்திரியெல்லாம் அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பெருசா பேசல. அவுரு அங்க டீ குடிக்கிறாரு, இவுரும் இங்க ஒண்ணு போட்டுக் குடிக்கிறாரு."

வாழ்நாள் முழுக்கப் பத்து மணிக்கு ஆபீஸ் போய் ஐந்து மணிக்குத் திரும்பிய மனிதர், எழுபது வயதில் அண்ணனுக்காக நைட் ஷிப்ட்டில் சேர்ந்திருக்கிறார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.