மன்மதன் கொடுத்த நோட்டீஸ்

வேலை கிடைக்க ஆலாய்ப் பறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையை விடுவதற்காக அப்படிப் பறந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நோட்டீஸ் மாப்பிள்ளை.

அப்போது வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். மாப்பிள்ளைக்குக் கவ்வாத்து வெட்டும் வேலை. அவர் கத்தி பட்ட தேயிலைச் செடி நன்றி சொல்லித் துளிர்க்கும் என்பார்கள். கல்யாணம் பெண்ணின் ஊரான டயகமவில் நடந்தது. மாமியார் படுத்த படுக்கை. ஒரே மகள் அம்மாவை விட்டு வர முடியாது. ஆகவே மாப்பிள்ளைதான் அங்கே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷனாக இருந்து அவருக்கு அலுத்துவிட்டது.

சட்டம் சுலபம். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போகலாம். எழுத்தில் வேண்டாம், தோட்டத்தை நடத்தும் துரையிடம் வாயால் சொன்னால் போதும். மாதம் முடிந்ததும் துரை பத்துச்சீட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். எங்கள் துரை நல்ல கவ்வாத்துக்காரனை விடுவாரா? நோட்டீஸ் என்ற சொல் எழுந்தாலே அவருக்குக் காது அடைத்துவிடும்.

மாப்பிள்ளை காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது சொன்னார். துரை நாயைக் கொஞ்சினார். மலையில் சொன்னார். துரை மோட்டார் சைக்கிளை உறுமவிட்டார். ஆபீஸ் ஜன்னலில் வந்து சொன்னபோது, துரை வெளியே போயிருப்பதாகத் துரையே பதில் சொன்னார். ஒவ்வொரு மாத முடிவிலும் மாப்பிள்ளை சீட்டைக் கேட்க, “எப்ப சொன்னது? நமக்குக் கேக்கல்ல” என்று கதை முடிந்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் நோட்டீஸ் கொடுத்தாச்சா என்று விசாரிக்கும்.

மாசி மாதம் காமன்கூத்து வந்தது. பொழுது சாய்ந்ததும் தோட்டமே பொட்டலில் கூடியது. நடுவே நாற்காலி போட்டு, மாலையும் கழுத்துமாகத் துரை. பக்கத்தில் விருந்துக்கு வந்த வேறு தோட்டத்துத் துரைகள். மன்மதன் வேஷம் நம் மாப்பிள்ளைக்கு. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் கட்டத்தில் மன்மதன் திடீரென்று ரதியை அம்போவென்று விட்டுவிட்டு நேரே நாற்காலிக்கு வந்தான். தப்பு மேளம் நின்றது.

“தொரைங்களே, எம் பொஞ்சாதி டயகமவுல இருக்கா. நான் அவகிட்ட போறேன். இன்னையிலேருந்து ஒரு மாச நோட்டீஸ். கேட்டுச்சுங்களா?”

கோமாளித்தனம் என்று நினைத்தாரோ, விருந்தாளிகள் முன்னால் செவிடாக இருக்கக் கூச்சப்பட்டாரோ, துரை பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “கேட்டுச்சி, கேட்டுச்சி” என்றார். தப்பு வெளுத்து வாங்கியது.

மறுநாள் பெரட்டில் துரைக்கு விருந்தில் குடித்த போதை தெளிந்திருந்தது. அது கூத்து, நோட்டீஸ் இல்லை என்றார்.

மாப்பிள்ளை கையிலிருந்த கத்தியைக் காட்டினார். “மன்மதனுக்குக் கவ்வாத்துக் கத்தி ஏதுங்க தொரை? சொன்னது நான்தாங்க. தொரை கேட்டுச்சின்னு சொன்னதக் கேட்டவங்க கையத் தூக்குங்க.”

கொழுந்துக் கூடைகளுக்கு மேலே கைகள் எழுந்தன. முகப்பவுடர் கலையாத ரதியின் கையும் எழுந்தது. துரைக்கு எதிராக மூச்சுவிடாத, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் கை பாதிவரை போய், பயந்து, தலையைச் சொறிந்தது. துரை எண்ணிப் பார்க்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கும். “சரி, போ” என்றார்.

மாதம் முடிந்ததும் பத்துச்சீட்டு எழுதியது நான்தான். தலவாக்கலையில் பஸ் ஏற்றிவிட லயமே திரண்டு போனது. தேர்தலில் ஜெயித்தவருக்குக்கூட அத்தனை மாலை விழுந்து நான் பார்த்ததில்லை. பஸ் வளைவில் மறையும்வரை தப்பு ஓயவில்லை.

அடுத்த மாசியில் வேறொரு பையன் மன்மதன் கட்டினான். வசனம் ஒன்றுகூட மறக்காமல் நன்றாகத்தான் ஆடினான். எனக்குத்தான் உட்கார முடியவில்லை, பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.