பேண்ட் பொய் சொல்லாது

தீர்த்தகிரி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து, யூனிஃபார்ம் பேண்ட்டின் பட்டனைப் போட்டார். மூச்சை விட்டதும் பேண்ட் இடுப்பைக் கவ்வியது. எட்டு மாதமாக விடியற்காலையில் எழுந்து நடக்கிற மனிதனுக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

"சுகர் பார்டர்ல நிக்குது. எடை குறைக்கலன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் சொன்ன மறுநாள் ஆரம்பித்த நடை அது.

எடை மெஷின்களை அவர் நம்புவதில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்று சொல்லும், மருந்துக்கடையில் வேறொன்று சொல்லும். வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். வீட்டில் கட்டுகிற லுங்கியோ யானைக்கும் பொருந்தும், பூனைக்கும் பொருந்தும். அவர் வேலை செய்கிற பைக் கம்பெனியில், பக்கிள் பட்டால் பெயிண்ட் கீறிவிடும் என்று பெல்ட் போட விடமாட்டார்கள். ஆகவே பேண்ட் ஒன்றுதான் அவருக்குச் சாட்சி.

"பேண்ட் பொய் சொல்லாது பொற்கொடி" என்பார் மனைவியிடம்.

"சொல்லாதுங்க" என்பாள் அவள். துவைப்பதும், லீவு நாளில் அயர்னுக்கு எடுத்துப் போவதும் அவள்தான்.

முதலில் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். பேண்ட் இளகவில்லை. ராத்திரிக் களியைப் பாதியாக்கினார். அப்போதும் இறுக்கம்தான். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தே போனார். லேட்டாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"எளச்சிட்டீங்கண்ணா" என்றான் பக்கத்தில் போல்ட் முடுக்கும் கங்கப்பன்.

"நீ வேற ஏன்டா வயித்தெரிச்சலக் கொட்டிக்கற."

கிண்டல் செய்கிறான் என்றுதான் அவர் நினைத்தார். போதாக்குறைக்கு, உட்காரும்போதெல்லாம் பின்னிடுப்பில் மொத்தையாக ஏதோ உறுத்தியது. முன்பக்கக் கொழுப்பு பின்பக்கம் குடி போய்விட்டது என்று முடிவு கட்டினார். சட்டை மட்டும் தோளில் தொளதொளத்தது.

"இது ஏன் இப்படித் தொங்குது?"

"துவைச்சித் துவைச்சித் தொஞ்சிபோச்சிங்க" என்றாள் பொற்கொடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இன்று பட்டன் போட்ட கையோடு அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. எட்டு மாதம் உழுத நிலத்தில் ஒரு முளைகூடத் தலைகாட்டாவிட்டால் எவனுக்கும் வெறுத்துத்தான் போகும். மாத்திரையே போட்டுக்கொள்ளலாம். கால் வலியாவது இருக்காது. பொற்கொடியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொரு யூனிஃபார்ம் பேண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஷிப்ட் முடிந்ததும், தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் சாந்த் பாஷாவிடம் போனார்.

"ஒரு இஞ்சு பிரிச்சி விடுங்க பாய். நாளைலருந்து நான் நடக்கல."

"நடக்கலியா? ஏண்ணா?"

"தோத்துட்டேன் பாய். இந்த ஒடம்பு என் பேச்சக் கேக்காது."

பாஷா பேண்ட்டை வாங்கி உள்பக்கம் புரட்டினார். பின்தையலை விரலால் நிமிண்டிப் பார்த்தார். பிறகு தீர்த்தகிரியின் இடுப்பைப் பார்த்தார்.

"ஒரு இஞ்சு எதுக்குண்ணா, உள்ளார நாலு இஞ்சு மடிஞ்சி கெடக்குது. லூசானா நடக்கறத நிறுத்திடுவாருன்னு பொற்கொடி அக்காதான் மாசாமாசம் கொண்டாந்து இடுப்பப் புடிச்சித் தைக்கச் சொல்லுவாங்க."