அலெக்சாந்தரும் அப்பாவு வீட்டுக் கிணறும்

துக்கம் கேட்க வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு: பங்கு பிரிப்பவர்கள். கூப்பிடாமலே வருவார்கள், பிணத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டின் அகலத்தைப் பார்ப்பார்கள், மாலையைப் போட்டுவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு நடை போய்வருவார்கள், காப்பியை உறிஞ்சிக்கொண்டே "பசங்க ஒத்துமையா கீறாங்களா?" என்று விசாரிப்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் முகம் வாடிவிடும்.

எங்கள் சத்தியவேட்டுப் பக்கத்தில் இவர்களுக்கெல்லாம் தலைவர் நாகபூஷணம். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். மற்றவர்கள் வரப்பைப் பற்றிப் பேசினால் இவர் பேரரசுகளைப் பற்றிப் பேசுவார்.

1960-இல், சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த கையோடு, சித்திரையில், அப்பாவு இறந்துபோனார். சொந்த உழைப்பில் வாங்கிய நாலு ஏக்கர், நடுவே ஒரு கிணறு. ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் நடுவே புதிதாகப் போட்ட எல்லைக்கோடு அந்த நிலத்துக்குள்ளேயே ஓடியது. மகன்கள் சிவசங்கரனுக்கும் முனிகிருஷ்ணனுக்கும் பிரிகிற எண்ணமே இல்லை. கருமாதி முடிந்த மறுநாள் காலை வாத்தியார் வந்து உட்கார்ந்தார்.

"அலெக்சாந்தர் செத்தப்போ இன்னா ஆச்சு தெரிமா? ராஜ்யம் யாருக்குன்னு தெளிவா சொல்லாமப் பூட்டான். தளபதிங்க நாப்பது வருசம் அடிச்சிக்கினாங்க. கடைசில எகிப்து ஒருத்தனுக்கு, பாபிலோன் இன்னொருத்தனுக்கு. நீங்க இப்பவே பிரிச்சிக்கினா ரத்தம் மிச்சம்."

ரத்தம் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டார்கள். வேறென்ன வேண்டும்? மத்தியானத்துக்குள் கயிறு பிடித்து அளந்தாயிற்று. அண்ணனுக்கு ஆந்திரா, தம்பிக்கு மெட்ராஸ், கிணற்றின் குறுக்கே ஒரு சுவர் என்று தீர்மானம்.

"அம்மா?" என்றான் முனிகிருஷ்ணன்.

"ஆறு மாசம் ஆந்திரா, ஆறு மாசம் மெட்ராஸ்" என்றார் வாத்தியார்.

கதவோரம் நின்றிருந்த அந்த அம்மா, கமலம்மா, அப்போதுதான் வாய் திறந்தாள். "வாத்தியாரே, அந்த ராசாவுக்குப் பொண்டாட்டி இருந்தாளா?"

"இருந்தாம்மா."

"அவளுக்கு இன்னா குடுத்தாங்க?"

வாத்தியாருக்குப் பதில் தெரியும். அதுதான் சங்கடம். காப்பி டம்ளருக்குள் பார்த்தபடி சொன்னார்: "அவளையும் புள்ளையையும் கொன்னுட்டாங்கம்மா."

சிவசங்கரன் கயிற்றைக் கீழே போட்டான்.

"இந்த வூட்ல அது நடக்காது" என்றாள் கமலம்மா. "பொண்டாட்டிக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் வந்து நாலு வருசம் ஆவுதாம், ஊர்க் கணக்கு எழுதுற கர்ணம் சொன்னாரு. என் பங்கு நடுவுல, கெணத்தோட. தண்ணி வேணும்னா ரெண்டு பேரும் என்னாண்ட வாங்க."

இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துச் சமாசாரம் தெரிந்தவருக்கு நாலு வருஷத்துச் சட்டம் தெரியவில்லை. மூத்தவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அப்பன் செத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. அவள் இருந்த வரைக்கும் அந்த வீட்டில் ஒரே உலைதான் கொதித்தது. கோடு மட்டும் சர்க்கார் வரைபடத்தில் பத்திரமாக இருந்தது.

வாத்தியார் ஓய்ந்துவிட்டாரா? ஊத்துக்கோட்டையில் யாருக்கோ மூச்சிரைப்பு என்று கேள்விப்பட்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறினார்.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். நீங்கள் கடைசியாகப் போன துக்க வீட்டில், ஒப்பாரிக்கு நடுவே, 'இவ்வளவும் இனிமேல் யாருக்கு?' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?